பதினேழாம் கல்லுக்கு அடியில்

14-1-2025
காலை 6.20. உறைபனி. காற்று இல்லை.

பொங்கல். பால் பொங்குவதற்குள் ரேஞ்சர் வந்து நின்றார். பண்டிகை நாளில் காக்கிச் சட்டையைப் பார்த்தால் எனக்குப் பயம். நானே முப்பத்தாறு வருடம் அதே சட்டையைப் போட்டவன். ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகியும் அது போகவில்லை.

பெயர் சக்திதரன். வயது முப்பதுக்குள். ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார். அப்படிப் பேசுகிறவர்களிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

“ஐயா, ஒரு நல்ல சேதி. நம்ம நீலிச்சோலை மாநில வனப் பூங்கா ஆகுது. ஞானமுத்து சார் பேரையே வைக்கிறாங்க. மார்ச் இருபத்தொண்ணு திறப்பு விழா, மந்திரி வர்றார். சார் கூடவே காடு சுத்துனவர் நீங்க. மேடையில நீங்க கண்டிப்பா இருக்கணும்.”

“சந்தோஷம்” என்றேன்.

“எல்லையை மட்டும் ஒருக்கா அளக்கணும். எஸ்டேட்காரங்க சோலை எங்களுதுன்னு ஆட்சேபணை போட்டிருக்காங்க. சம்பிரதாயம்தான் ஐயா, ஒண்ணும் இல்ல.”

அவர் போனதும் என் வீட்டுக்காரி பாக்கியம் அகப்பையோடு வெளியே வந்தாள். “சந்தோஷம்னு சொல்ற மூஞ்சியா இது? வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கு.”

ஞானமுத்து சார் கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். 1979-இல் இந்த மலைக்கு ஏறி வந்தவர் இறங்கவே இல்லை. நாற்பது வருடம் இந்தச் சோலையை வெட்டவிடாமல் மனு போட்டு, வழக்குப் போட்டு, மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று, எல்லாம் செய்தார். இருந்தவரை அவரைப் பைத்தியம் என்று சொன்ன ஆபீசுகள், அவர் போய் நாலு வருடம் கழித்து அவர் பெயரைப் பலகையில் எழுதுகின்றன. ஏன்? சும்மாவா?

சம்பிரதாயமாம்.

17-1-2025
காலை 7.00. உறைபனி. காற்று கிழக்கு, லேசு.

விசேஷம் இல்லை. பூண்டு காயப் போட்டோம். குரங்கு வந்து நாலு கட்டு கொண்டுபோய்விட்டது.

22-1-2025
மாலை 5.15. தெளிவு. காற்று வடகிழக்கு.

சர்வேயர் வந்துவிட்டது. பெண் பிள்ளை. பெயர் மெகருன்னிசா, பெரியகுளம். தோள் உயரக் கம்பி ஒன்றில் குடை மாதிரி எதையோ மாட்டிக்கொண்டு காடு முழுவதும் நடக்கிறது. எல்லைக்கல்லை எல்லாம் காட்டச் சொல்லி ரேஞ்சர் என்னை அனுப்பினார். ஏன் என்னை? ஃபாரஸ்ட் கார்டுகள் இல்லையா?

பதினாறாம் கல் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தது. பதினேழில் நின்றுவிட்டது. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது மூன்றும் ஓடைக்கரையில், சோலைக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன.

“ஐயா, இந்த மூணு கல்லுல மட்டும் நம்பரு வேற கையெழுத்தா இருக்கே?”

“மழையில பெயிண்ட் போச்சு. நான்தான் மறுபடி எழுதுனேன்.”

“எப்போ?”

“ஞாபகம் இல்லம்மா.”

அது கல்லில் இருந்த நம்பரை விரலால் தடவியது. பிறகு பையிலிருந்து 1912-ஆம் வருடத்து வரைபடத்தின் நகலை எடுத்து விரித்தது. சரியாக இந்த மூன்று கல் வரும் மடிப்பில் படம் கிழிந்திருக்கிறது. கல் ஓடைக்கரையிலா, அதற்கு முன்னால் இருக்கும் மொட்டைமேட்டிலா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

“அந்தக் காலத்துல கல்லு நடும்போது அடியில அடுப்புக்கரி போட்டுப் பொதைப்பாங்களாமே. உண்மையா ஐயா?”

“நான் கேள்விப்பட்டதில்ல” என்றேன்.

யார் இதற்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

26-1-2025
மாலை 4.00. மேகமூட்டம். காற்று இல்லை.

கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள்.

எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை. டைரியை உருளைக்கிழங்குச் சாக்குக்கு அடியில் வைக்கிறேன்.

கரி எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. மரக்கட்டை மண்ணில் மட்கிவிடும், கல்லை நாலு பேர் சேர்ந்தால் நகர்த்திவிடலாம், கரி மட்டும் நூறு வருடமானாலும் அப்படியே கிடக்கும். கறையான் தொடாது. கல் பொய் சொன்னாலும் கரி சொல்லாது என்று அந்தக் கால ரேஞ்சர் சொல்வார்.

1991 நவம்பரில் அந்த மூன்று கல்லும் மொட்டைமேட்டில்தான் இருந்தன. அப்படியென்றால் மேட்டுக்குக் கீழே இருக்கும் சோலை எஸ்டேட்டுடையது. எஸ்டேட் மரக் கான்ட்ராக்டர் குறி போட்டுவிட்டுப் போயிருந்தான், மறு வாரம் வெட்டு. சார் என்னிடம் வந்தார். குழந்தைவேல் என்ற என் பெயரை அவர் சுருக்கித்தான் கூப்பிடுவார். “கொழந்தை, கல்லோட சரியான எடம் ஓடைக்கரை. யாரோ மேட்டுக்கு மாத்தியிருக்காங்க. ஒரு வருஷமா எழுதிப்போட்டுப் பார்த்துட்டேன், ஒருத்தனும் வர மாட்டேங்கறான். வா, நாமளே திருப்பி வெச்சிருவோம்” என்றார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. சோலை மேல் உள்ள ஆசையில் சார் கதை கட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பாக்கியத்துக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தபோது அவளைத் தன் ஜீப்பில் வத்தலக்குண்டுக்குத் தூக்கிப் போனவர் அவர். மறுக்க வாய் வரவில்லை. பகலிலேயே ஆள் தெரியாத மூடுபனி. கடப்பாரையும் கயிறும் வைத்து மூன்று நாளில் மூன்று கல்லை உருட்டினோம். குழி தோண்டும்போது எதையோ காட்ட என்னைக் கூப்பிட்டார். எனக்கு எஸ்டேட் ஜீப் சத்தம்தான் பெரிதாக இருந்தது. மூடுங்க சார் என்றேன்.

எஸ்டேட் அப்போது பங்காளிச் சண்டையில் கிடந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. கான்ட்ராக்டர் வந்தான், கல்லைப் பார்த்தான், போய்விட்டான்.

ஒன்றை மறந்துவிட்டோம். கல்லை எடுத்தோம், மேட்டில் இருந்த கரியை எடுக்கவில்லை. காட்டு இலாகாக்காரன் செய்யக்கூடாத தப்பு. அந்தப் பெண் மேட்டைத் தோண்டினால் தீர்ந்தது. சோலை எஸ்டேட்டுக்குப் போகும். அவர்கள் சொகுசு விடுதி கட்டப் பிளானோடு காத்திருக்கிறார்கள். சார் பெயர் நாறும். என் பென்ஷனில் கை வைப்பார்கள்.

எனக்கு இதில் பெரிய பங்கு இல்லை. கயிறு பிடித்தேன், அவ்வளவுதான்.

30-1-2025
மதியம் 2.30. தெளிவு. காற்று வடமேற்கு, வேகம்.

கடப்பாரையை எடுத்தேன். எங்கே என்று பாக்கியம் கேட்டாள். வள்ளிக்கிழங்கு தோண்ட என்றேன்.

“ஏழாயிரம் அடிக்கு மேல வள்ளிக்கிழங்கா? நான் கலியாணமாகி வந்த நாள்ல இருந்து கண்டதில்லையே.”

இவளுக்கு எல்லாம் தெரிய வேண்டும்.

மொட்டைமேட்டில் மூன்று இடமும் எனக்கு மறக்கவில்லை. புல்லை ஒதுக்கினால், எல்லைக்கல் நின்றிருந்த அடிக்கல் பலகை மாதிரி அப்படியே கிடக்கிறது, ஓரமெல்லாம் பாசி. புரட்டித் தோண்டினேன். முழங்கை ஆழம். கரி இல்லை. பதினெட்டிலும் இல்லை. பத்தொன்பதிலும் இல்லை. மூன்று குழியிலும் ஒரு துணுக்குக் கரி இல்லை!

பதினெட்டின் அடிக்கல்லுக்குக் கீழே மட்டும் ஒரு அலுமினியக் காசு. மூன்று பைசா, அறுகோணம், 1966. யார் சட்டைப் பையிலிருந்தோ விழுந்திருக்க வேண்டும். எடுத்துக்கொண்டேன்.

ஆக, எனக்கு முன்னால் யாரோ வந்து கரியை எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டு, பாசி கூடக் கலையாமல் அடிக்கல்லைத் திரும்ப மூடிவைத்திருக்கிறார்கள். எவ்வளவு கைதேர்ந்தவனாக இருக்க வேண்டும். கரியைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நேரம் பார்க்கிறான்.

2-2-2025
காலை 8.00. உறைபனி. காற்று இல்லை.

யார் என்று யோசித்தேன். எஸ்டேட் மேனேஜர். அந்தச் சர்வேயர் பெண். ரேஞ்சர். பாக்கியத்தைக்கூட யோசித்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன்.

பசு சினையாகவில்லை. ஊசி போடுகிறவர் புதன்கிழமை வருவார்.

9-2-2025
மாலை 6.00. மேகமூட்டம். காற்று கிழக்கு.

எஸ்தர் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்கள். சாரின் மனைவி. எழுபத்தெட்டு வயது, இன்னும் கண்ணாடி இல்லாமல் ஊசி கோக்கிறார்கள். பூங்காவில் வைக்க சாரின் பழைய படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அடக்கத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் போவது இதுதான் முதல் தடவை. அடக்கத்துக்கும் போகவில்லை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்.

காப்பி கொடுத்தார்கள். மேடையில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம்.

“எனக்குப் பேச வராது டீச்சர்.”

“அவர் கூட நடந்ததைச் சொல்லுங்க, போதும்.” படத்தைக் கீழே வைத்தார்கள். “ஆஸ்பத்திரியில கடைசியா உங்களைத்தான் கேட்டார். ‘கொழந்தைக்கு ஒண்ணு காட்டணும்னு கூப்பிட்டேன், அவன் வரலை’ன்னு ரெண்டு மூணு தடவை சொன்னார். என்ன அது? உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது டீச்சர்.”

காப்பியைக் கீழே வைத்தேன். எதற்கு இந்தக் கேள்வி? மேடையில் ஏற்றி எல்லார் முன்னாலும் கேட்கத் திட்டமா? சார் சாகும்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாரா? கரி இந்த வீட்டில் இருக்கிறதா?

வரும்போது அலமாரியை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

18-2-2025
மாலை 5.40. மேகமூட்டம். காற்று வடமேற்கு.

வத்தலக்குண்டு போனேன். செருப்புத் தைத்தேன். பாக்கியத்துக்கு மூட்டுத் தைலம். தபாலாபீஸ் பக்கம் ஒரு சின்ன வேலை இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

விசேஷம் இல்லை.

27-2-2025
காலை 11.00. தெளிவு. காற்று தெற்கு.

அக்கிரமம்! மாவட்ட வன அலுவலருக்கு மொட்டைக் கடிதாசு வந்திருக்கிறதாம். ரேஞ்சர் சொன்னார். செத்த மனுஷன் ஞானமுத்து 1991-இல் தனி ஆளாக எல்லைக்கல்லை மாற்றி வைத்துப் பேர் வாங்கினார் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அதன் நகல் ஒன்று எஸ்டேட்டுக்கும் போயிருக்கிறது.

எப்படிப்பட்ட மனசு இருந்தால் ஒருவனுக்கு இப்படி எழுதத் தோன்றும்? இந்த ஊரில் யாரையும் நம்புவதற்கில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். கடிதாசில் வேறு யார் பெயரும் இல்லையாம்.

4-3-2025
மாலை 4.30. மேகமூட்டம். காற்று இல்லை.

டீக்கடையில் ரேஞ்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போனில் அந்தக் கடிதாசின் படம் இருந்தது. மெதுவாகப் படித்துக் காட்டினார்.

“‘18-2-2025. காலை 9.40. மேகமூட்டம். காற்று வடமேற்கு. மேன்மை தங்கிய ஐயா அவர்களுக்கு…’ மொட்டைக் கடிதாசுல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு எழுதுற ஆளை இப்பத்தான் பாக்குறேன் ஐயா.”

டீயைக் குடித்தேன்.

“யாருன்னு நான் மேல எழுதலை. எழுதவும் மாட்டேன்” என்றார். “ஆனா அந்தக் கடிதாசால இப்போ கல்லுக்கு அடியில தோண்டிப் பாக்கச் சொல்லி உத்தரவு வந்திருச்சு. பதினொண்ணாந் தேதி. எஸ்டேட் வக்கீலும் வர்றார்.”

யாரோ என்னைப் போலவே எழுதி என்னை மாட்டிவிடப் பார்க்கிறார்கள்.

5-3-2025

முந்தின வரியை எழுதிவிட்டு இரவெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த டைரியிலும் பொய் எழுதினால் நான் என்ன மனுஷன்.

நான்தான் எழுதினேன். கரியை வைத்திருக்கிறவன் எனக்கு முன்னால் வாயைத் திறந்தால் என் பெயரும் வரும் என்று பயந்தேன். செத்தவருக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். எழுதி உறையை ஒட்டும்போதுகூடத் தேதி, நேரம், காற்று போட்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. முப்பத்தாறு வருடப் பழக்கம், சனியன், கை தானாக எழுதிவிட்டது.

10-3-2025
காலை 9.00. தூறல். காற்று வடகிழக்கு.

உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டேன். பாக்கியம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“அடக்கத்தன்னிக்கு வந்த அதே காய்ச்சல்தான்” என்றாள். “எந்திரிங்க. வெந்நி போட்டிருக்கேன். நாளைக்கு ஓடைக்கரைக்கு ரெண்டு பேரும் போறோம்.”

11-3-2025
மாலை 7.10. தெளிவு. காற்று வடமேற்கு.

ஓடைக்கரையில் இருபது பேர் இருந்தார்கள். எஸ்டேட் வக்கீல் வெள்ளைச் சட்டையில் பாறை மேல் கைக்குட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். எஸ்தர் டீச்சர் நாற்காலி வேண்டாம் என்று சொல்லி நின்றார்கள். நான் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றேன். இங்கே கரி இருக்காது. இருக்க முடியாது. நாங்கள் போடவில்லையே. இல்லை என்று ஆனதும் மேட்டில் இருந்த கரியை எடுத்தவன் அதை வெளியே நீட்டுவான். அது வரைக்கும்தான் எல்லாம்.

பதினேழாம் கல்லைச் சாய்த்தார்கள். மெகருன்னிசா மண்வெட்டியை வாங்கித் தானே தோண்டியது. முழங்கை ஆழம் போயிருக்கும். கையை விட்டுத் துழாவியது. நிமிர்ந்தது.

உள்ளங்கையில் கரி.

ஒரு துண்டு இல்லை, இரண்டு இல்லை. கூடை நிறைய வரும். மண்ணோடு இறுகி, நடுவே மர வேர் ஓடி. பதினெட்டில் இருந்தது. பத்தொன்பதிலும் இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாக்கியம் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சார் சொன்னது நிஜம். ஒவ்வொரு சொல்லும் நிஜம். கல் அதன் சொந்த இடத்துக்குத்தான் திரும்பியிருக்கிறது. மேட்டில் கரியை யாரும் எடுக்கவில்லை, அங்கே கரி எப்போதுமே இருந்ததில்லை. முப்பத்துமூன்று வருடம் நான் யாருக்குப் பயந்தேன்?

வக்கீல் விடவில்லை. “கல்லை மாத்துனவர் கரியையும் கொண்டாந்து போட்டிருப்பார். வாத்தியாராச்சே, வெவரம் தெரியாதா? அதுக்குத்தான் லெட்டரே இருக்கே” என்றார். பதினெட்டாம் தேதி முடிவு சொல்வார்களாம். அதுவரை சோலை யாருக்கும் இல்லை.

என் கடிதாசு அவர் கையில் இருந்தது. ஆட்டி ஆட்டிக் காட்டினார்.

12-3-2025
காலை 6.45. தெளிவு. காற்று இல்லை.

அந்த மூன்று பைசாவை மேசை மேல் வைத்து உட்கார்ந்திருந்தேன். பாக்கியம் காப்பியோடு வந்தவள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது கல்லுக்கு அடியில கெடந்ததா?”

நான் அவளிடம் சொல்லவே இல்லை.

“அப்படிப் பாக்காதீங்க. உருளைக்கெழங்கு எடுக்கப்போனா டைரிதான் கையில வருது. ‘பாக்கியத்தைக்கூட யோசித்தேன்’னு எழுதி அடிச்சிருக்கீங்களே, அடிச்சது அடியில நல்லாவே தெரியுது.” முகம் சிவந்திருந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு அவளே சொன்னாள். அவள் அப்பா எஸ்டேட்டில் கொத்தனார். சுவர் கட்டினாலும் கல் நட்டாலும் வேலைக்கு ஒன்றாக அடியில் புதுக் காசு போடாமல் விட மாட்டாராம். அந்தக் கூட்டத்துக் கொத்தனார் எல்லாருக்கும் அந்த வழக்கம்.

“வெள்ளைக்காரன் பன்னெண்டுல நட்ட கல்லுக்கு அடியில அறுவத்தாறாம் வருஷத்துக் காசு எப்படிங்க வரும்? எங்கப்பாவே நட்டிருப்பார். மேல சொன்னாங்க, நட்டாரு. அவருக்கு என்ன தெரியும்.”

எஸ்டேட்தான் கல்லை மேட்டுக்கு ஏற்றியிருக்கிறது. அதற்குச் சாட்சி என் மேசை மேல் இருக்கிறது. ஆனால் இதை எங்கே எடுத்தாய் என்று கேட்பார்கள். ஏன் தோண்டினாய் என்று கேட்பார்கள். கேட்டால் கடிதாசு வரைக்கும் போகும். காசை ஓடையில் எறிந்தால் நான் தப்பித்துக்கொள்வேன், சோலை போகும்.

பகல் பூராவும் காசைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். பசுவுக்குப் புல் அறுத்தேன்.

15-3-2025
மாலை 6.30. மேகமூட்டம். காற்று வடமேற்கு.

எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன்.

“டீச்சர், அந்தக் கடிதாசு…”

“தெரியும். ரேஞ்சர் காட்டினார். முதல் வரி படிச்சேன், அதுக்கு மேல தேவைப்படலை.” குரல் உயரவில்லை. “முப்பத்துமூணு வருஷம் அவரைக் கல்லு திருடினவர்னு நெனச்சுக்கிட்டா இந்த வீட்ல காப்பி குடிச்சீங்க?”

“ஆமா டீச்சர்.”

அழுதுவிட்டேன். இந்த வயதில், ஒரு பெண்பிள்ளை முன்னால். டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணு கேக்கணும். அவர் சரின்னு தெரிஞ்சு கல்லைத் தூக்கினார். நீங்க தப்புன்னு நெனச்சீங்க. அப்புறம் எதுக்குக் கூடத் தூக்கினீங்க?”

“பாக்கியத்தை அவர்தான் டீச்சர் ஜீப்புல…”

“அது மட்டுமா?”

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. “சோலைக்குள்ள கருமந்தி இருந்துச்சு டீச்சர். இருபத்திரண்டு. மாசா மாசம் நான்தான் எண்ணிக் கணக்கு அனுப்புவேன். மரம் போச்சுன்னா அதுங்க எங்க போகும்னு இருந்துச்சு.”

டீச்சர் ஜன்னலைச் சாத்தினார்கள். “மன்னிச்சேன்னு சொல்ல இன்னிக்கு எனக்கு வரலை, குழந்தைவேல். ஆபீசுக்குப் போய் உங்க பேரைப் போட்டு எழுதிக் குடுங்க. அப்புறம் மேடையில வந்து சொல்லுங்க. காப்பி ஆறுது, குடிச்சிட்டுப் போங்க.”

குடித்தேன்.

17-3-2025
காலை 10.15. தெளிவு. காற்று தெற்கு.

மாவட்ட வன அலுவலகத்தில் ஆறு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 1991. மேட்டுக் குழி. காசு. கடிதாசு. ஒன்றையும் விடவில்லை. மேலே காற்று போட்டேன், போடாமல் இருக்க முடியவில்லை. கிளார்க் சிரித்தான்.

காசை மெகருன்னிசா ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, என் பெயரை எழுதியது. “முதல் நாளே ‘கரியா, கேள்விப்பட்டதில்ல’ன்னீங்க. ஒரு வனவர் அப்படிச் சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் ஐயா” என்றது.

18-3-2025

ஆட்சேபணை தள்ளுபடி. சோலை வனத்துக்குள்தான். என் மேல் விசாரணை உண்டு என்று தனிக் காகிதம். வரட்டும்.

21-3-2025
மாலை 5.50. தெளிவு. காற்று வடமேற்கு.

திறப்பு விழா. வளைவில் சார் பெயர் பெரிதாக இருக்கிறது. ‘ஞானமுத்து’வில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது. நாளைக்கு ஏணி வைத்து நானே போய் எழுதுகிறேன் என்று ரேஞ்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

மந்திரி பேசிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் ஆகவில்லை. “சாரைப் பத்தி மொட்டைக் கடிதாசு எழுதுனது நான்தான். அது பொய். கல்லு சரியான எடத்துல இருக்கு. சார் அப்பவே சொன்னார், நான் நம்பலை” என்றேன். மைக் கிய்யென்று கத்தியது. முன்வரிசையில் யாரோ “அடப்பாவி” என்றது நன்றாகக் கேட்டது. மந்திரி அதிகாரியைப் பார்த்தார், அதிகாரி செருப்பைப் பார்த்தார். இறங்கும்போது எஸ்தர் டீச்சர் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அதில் உட்கார்ந்தேன்.

வந்ததும் பாக்கியம் சொன்னாள், “டைரியை இனிமே மேசை மேலயே வைங்க. கெழங்கு மண்ணு ஒட்டுது.”

இன்னும் ஒரு நாளை எழுதவேண்டி இருக்கிறது. அன்றைய அரசு டைரியில் ‘ரோந்து. விசேஷம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

20-11-1991
காலை 10.30. மூடுபனி. காற்று வடமேற்கு.

நானும் ஞானமுத்து சாரும் பதினேழாம் கல்லை மேட்டிலிருந்து ஓடைக்கரைக்கு உருட்டி வந்தோம். சார் காம்பஸ் வைத்துப் பார்த்து, அடி அளந்து, ஒரு இடத்தில் குழி தோண்டினார். முழங்கை ஆழம் போனதும் சிரிக்கிற சத்தம் கேட்டது. “கொழந்தை, இங்க வாய்யா. வந்து பாரு” என்றார். நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். எஸ்டேட் ஜீப் வருகிற மாதிரி இருந்தது. “மூடுங்க சார், சீக்கிரம்” என்றேன். இன்னொரு தடவை கூப்பிட்டார். போகவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மண்ணைத் தள்ளி மூடினார். ஓடையில் இறங்கிக் கை கழுவினார். இரண்டு கையும் கறுப்பாக இருந்தன. சேறு என்று நினைத்தேன்.

ஜீப் எதுவும் வரவில்லை.